வெள்ளைப் புள்ளி வைத்த போல்ட்டுகள்

3 செப்டம்பர் 2025, புதன்

ஷைஜு மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். அம்மாவை விசாரித்தது அரை நிமிடம். மீதி இருபது நிமிடமும் பைக்.

"எர்ணாகுளத்துல ஒரு ஆளு கேக்கான். தொண்ணூத்தெட்டு மாடல் டுகாட்டி இந்த நெலமையில எங்கயும் கெடைக்காதாம். அப்பாக்க வண்டிய இனி யாரும்மா ஓட்டப் போறா?"

அப்பாக்க வண்டி. கேட்டாலே எரிகிறது. இத்தாலியக் கப்பல் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு வரும்போது அவர் அதைக் கொண்டுவந்தார், ஓட்டினார், துடைத்தார். சரி. எஞ்சினைத் திறந்தது யார்? இருபத்தைந்து வருடம் ஆயில் மாற்றி, வால்வு இடைவெளி அளந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்றியது யார்? ஆங்கிலக் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தவள் நான். கான்வென்ட் கன்னியர்கள் எனக்குக் கற்றுத்தந்தது வீண்போகவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக நின்ற பழக்கத்தில், கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கி, மூடும்முன் எண்ணியவளும் நான்தான். அவருக்குச் செயினைக்கூட ஒழுங்காக இறுக்கத் தெரியாது. செத்தவர் என்பதற்காகப் பொய் எழுத முடியாது.

அக்டோபர் 17-ல் வண்டியின் பதிவு முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டினால்தான் இன்னும் ஐந்து வருடம் கிடைக்கும். "பாஸ் ஆகலன்னா நீயே வித்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

வாய் முந்திவிட்டது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

6 செப்டம்பர்

பெல்ட் மாற்ற உட்கார்ந்தேன். வலது பெருவிரல் மூட்டு மடங்கவே இல்லை. ஸ்பானர் மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை விழவில்லை, எறிந்தேன்.

9 செப்டம்பர்

வேறு வழியில்லை. தக்கலையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெனோவை வரச் சொன்னேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். களியக்காவிளைக்காரன், நெய்யாற்றின்கரையில் தொழில் படித்தவன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காதைப் பொத்தினான்.

"சிஸ்டரே, கிளச்சு தகர டப்பா மாதிரி கெடந்து அடிக்கே. மாத்தீரலாமா?"

"அது டிரை கிளச், ஆயில்ல முங்காதது. அப்படித்தான் சத்தம் போடும். தொட்டா கைய வெட்டுவேன்."

"நம்ம வீட்டுக்காரியும் இதே சத்தம்தான் சிஸ்டரே. மாத்த முடியாது."

நான் சிரிக்கவில்லை. பிக்கப் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். என் கைக்குப் பதில் இன்னொருவர் கை. நினைக்கவே பிடிக்கவில்லை.

12 செப்டம்பர்

ஜெனோ போன். வெள்ளைக் குறி போட்டதை அழிக்கட்டுமா என்றான். பெல்ட் ஓடும் புல்லி ஓரத்தில் போன தடவை நான் வரைந்த பழைய கோடுகள். அழி, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். இதற்கெல்லாமா ஒரு போன்?

16 செப்டம்பர்

எழுதியாக வேண்டும்.

வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். பெல்ட் மட்டுமல்ல, நாலு கேம் புல்லிகளின் பன்னிரண்டு சின்ன போல்ட்டுகளும் கழன்று ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. வால்வு எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்தப் பன்னிரண்டும்தான். 2009-ல் டிகிரி குறித்த வட்டமான கோணத் தட்டு வைத்து, நாலு நாள் அளந்து, இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் புள்ளி வைத்தேன். தொடாதே என்று அர்த்தம். புள்ளியைப் பார்த்தால் புரியாதா?

"யாருலே இதத் தொடச் சொன்னது?"

"சிஸ்டர் சொன்ன பொறவுதான் தொட்டேன்."

"நான் சொன்னேனா? நானா? பொய்யன்."

பக்கத்து டீக்கடை முத்துநாயகம் உட்பட நாலைந்து பேர் நின்றார்கள். இருக்கட்டும் என்று பொய்யன் என்பதை இன்னொரு முறையும் சொன்னேன். ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கத்தான் லாயக்கு என்றும் சொன்னேன். ஜெனோ பழந்துணியில் கையைத் துடைத்தான். ஒரு விரல் விடாமல் துடைத்தான்.

"வண்டிய கொண்டு போங்க சிஸ்டரே. இந்த வேல எனக்கு வேண்டாம்."

17 செப்டம்பர்

சமைக்கவில்லை. தப்புச் செய்தால் மன்னிக்கலாம். தப்பை என் தலையில் போடுகிறவனை எப்படி மன்னிப்பது?

22 செப்டம்பர்

எஞ்சின் திறந்தபடி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. டப்பாவைக் கழுவி, பன்னிரண்டு போல்ட்டையும் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

நாகர்கோவிலில் இன்னொரு மெக்கானிக்கிடம் கோணத் தட்டு உண்டா என்று கேட்டேன். "அதென்ன, சி.டி.யா அம்மா?" என்கிறான். ஷைஜு சொல்கிறான், எர்ணாகுளத்து ஆள் அக்டோபர் பதினெட்டாம் தேதி லாரியோடு வருகிறானாம். பாஸ் ஆகாது என்று முடிவே செய்துவிட்டார்கள்.

27 செப்டம்பர், சனி

மத்தியானம் திடீர் மழை. அடுத்த வீட்டு லிஜி கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, ஒங்க கொடிக்கயிற அழிச்சு துணியெல்லாம் உள்ள போட்டுட்டேன்."

போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கயிற்றை அழித்தாளாம். அவிழ்த்தாள். இந்த ஊர்ப் பக்கம் முடிச்சை அழிப்பார்கள், சட்டையை அழிப்பார்கள், பூட்டை அழிப்பார்கள். நட்டையும் போல்ட்டையும் அழிப்பார்கள். வெள்ளை மார்க் போட்டதை அழிக்கட்டா என்றுதான் கேட்டிருக்கிறான். நான் பெயிண்டை நினைத்தேன். அழி என்றேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அவன் பொய் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாத வார்த்தையா இது? என் வீட்டுக்காரர் குழித்துறைக்காரர். வெளியே போய்விட்டு வந்தால், "ஷூவ அழிச்சிட்டு வாறேன்" என்பார். அழிப்பதல்ல, கழற்றுவது என்று திருத்துவேன். விருந்தாளிகள் முன்னாலும் திருத்துவேன். நாற்பத்தொரு வருடம். கடைசி வருடங்களில் அவர் ஒன்றும் சொல்லாமல்தான் ஷூவைக் கழற்றினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஜெனோ கடைக்குப் போகவில்லை. ஞாயிறு, கடை இருக்காது. இருந்தாலும் போயிருப்பேனா?

29 செப்டம்பர்

போனேன். டீக்கடையில் கூட்டம் சேரும்வரை பஸ் ஸ்டாப்பிலேயே நின்றேன். யார் முன்னால் பொய்யன் என்றேனோ அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

"ஜெனோ, நான் அழின்னுதான் சொன்னேன். நீ பொய் சொல்லல. தப்பு என்மேல."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கு பஸ் ஏறி வரணுமா? போன்ல சொல்லப்பிடாதா?"

முத்துநாயகம் டீ ஆற்றிக்கொண்டே, "போன்ல சொல்லித்தானவே இவ்வளவும் ஆச்சு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் மட்டும் சூடாக இருந்தது. ஜெனோ இப்போது நிமிர்ந்து கேட்டான்: "அந்தக் கோணத் தட்டு வீட்டுல இருக்கா?"

4 அக்டோபர்

மூன்று நாளாக என் ஷெட்டில் வேலை. அளவை நான் படிக்கிறேன், கை அவனுடையது. முதல் புல்லிக்கே இரண்டு நாள் போய்விட்டது.

"அரை டிகிரியில என்ன சிஸ்டரே கெட்டுப்போவும்?"

"அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டினா என்ன கெட்டுப்போகும்னு ஒரு சர்ஜன் கிட்ட கேப்பியா?"

"சர்ஜனுக்கு பக்கத்துல நின்னு இப்பிடி ஏச மாட்டாவ."

ஏசியிருக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.

9 அக்டோபர்

நாலாவது புல்லி. இறுக்கும்போது தட்டு நகர்ந்துவிட்டது. கத்தினேன். ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே போனான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து, "மறுபடி முதல்லேர்ந்து படிங்க" என்றான். படித்தேன்.

15 அக்டோபர், புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஸ்பெக்டர் ஜெனோவைப் பார்த்து, "ஓனர் நீங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சாருக்க வண்டியாம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கும்முன் ஜெனோ சொன்னான்: "சிஸ்டருக்க வண்டி சார். எஞ்சினும் சிஸ்டருக்கதுதான்."

பாஸ்.

ஷைஜுவுக்குச் சொன்னேன். "அப்போ வெல இன்னும் கூடும்மா" என்றான். போனை வைத்துவிட்டேன்.

16 அக்டோபர்

ஜெனோ கருவிகளை எடுக்க வந்தான். சர்வீஸ் புத்தகத்தை மேஜையில் விரித்தேன். இரண்டாயிரத்திலிருந்து, 'செய்தவர்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்து. பேனாவை அவனிடம் கொடுத்தேன். தயங்கினான். பிறகு குனிந்து, எழுத்துக் கூட்டி எழுதினான்.

'பெல்ட் ரெண்டு, புல்லி நாலு அழிச்சி மாட்டியது. ஜெனோ.'

மை காயும்வரை புத்தகத்தை மூடவில்லை.