இரண்டாம் குரல்

ரங்கூன், ஆகஸ்டு 1966

என் செல்லத் தங்கைக்கு,

நேற்று இலங்கை வானொலியில் நம் இங்கிலீஷ் பாட்டு வந்தது. பத்திரிகைப் படத்தில் பார்த்த டெலிவிஷன் பாடகிகளைப் போலக் கொண்டையை உப்பவைத்து, மாதா கோவில் மண்டபத்தில் இருவரும் பாடினோமே, அதேதான். நீ தாய்நாட்டுக்குக் கப்பலேறிய பிறகும், உன் மெட்டுக்குத் துணையாகக் கீழே இழையும் என் இரண்டாம் குரலை மட்டுமே நான் பாடிவந்தேன். முதல் குரல் உன்னுடையதல்லவா? பக்கத்து வீட்டு நீலாம்பாள் அக்கா, "என்னடி முனகுற, பல்வலியா?" என்று கேட்டார்.

எப்போது வருவாய் என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டாய். இங்கே மழை இன்னும் விடவில்லை. அப்பா எழுந்து உட்காரவும் என் தோள் வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்று காலை முதன்முறையாக உன் குரலைப் பாடிப் பார்த்தேன்.

சரியாகவே வந்தது.

உன் அக்கா