உங்கள் பெயருக்கு எதிரே நான் போட்ட சைபர்

அக்கா,

அன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்: "தப்பு என்னுடையது. அக்காவின் கட்டுரையை எங்கெங்கோ படித்திருக்கிறார்கள்." எழுந்து சொல்ல அரை நிமிடம் போதும். நான் மேசைக்கு அடியில் கைப்பேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்று நூலக அலமாரியின் பின்னாலிருந்து உங்கள் கேனை எடுத்தேன். அடியில் அரக்குச் சிவப்பு வளையம் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்ததும் சாயப்பட்டறை வாடை. பிள்ளையார்பாளையத்துப் பட்டறைக்காரர் உங்களைக் கேலி செய்வாரே: "என்னா டீச்சரம்மா, நாங்க கீழ ஊத்துற தண்ணிய பஸ்ல எடுத்துக்கினு போறீங்க. காலேஜ்ல கொழா வர்லியா?"

"உங்க தண்ணிக்குத்தான்பா கலரு ஜாஸ்தி" என்பீர்கள்.

ஒரு மதியம் என்னை வேதியியல் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டீர்கள். குடுவையில் அந்தச் சிவப்புத் தண்ணீர். புளியங்கொட்டைத் தூளைப் போட்டுக் கலக்கிவிட்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். சாயம் தூளோடு மெல்ல கீழே இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் வழியாக எதிர்ச்சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது. அதை நான் வாய்விட்டுப் படித்தேன்.

"எழுதி அனுப்பிட்டேன்மா. யாருக்காவது ஒதவட்டும்" என்றீர்கள். அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கட்டுரை உங்கள் அப்பாவின் இனிஷியலோடு வெளிவந்தது.

பல வருடம் கழித்துத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது நூலகர் வேலை, அதாவது என் வேலை. பதிவேட்டில் இருந்தபடி, கணவரின் இனிஷியலோடு உங்கள் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. சைபர் போட்டேன்.

கூட்டத்தில் துறைத் தலைவர் அதை உரக்கப் படித்தார். "ஒரு ஆளு கூடவா தொடல? கேன் தூக்கனதுதான் மிச்சமாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். "நமக்குள்ளயே ஒருத்தர் பேப்பர ஒருத்தர் மேற்கோளா போட்டுக்கலாம். நம்பர் தானா ஏறும்" என்றும் சொன்னார்.

"படிக்காத பேப்பர எப்பிடி சார் போடறது? சைபர்னா சைபர்னே போகட்டும்."

நீங்கள் அதைச் சொன்னபோதுதான், அப்பாவின் இனிஷியல் இருந்த உங்கள் பழைய நூலக அட்டை என் நினைவுக்கு வந்தது. மேசைக்கு அடியில் கைப்பேசியில் அந்த இனிஷியலைப் போட்டுத் தேடினேன். விரலால் தள்ளத் தள்ள, உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. துருக்கி, பிரேசில், வியட்நாம். ஒன்றைத் திறந்தேன். எங்கோ ஓர் ஆற்றங்கரைச் சாய ஊரில் உங்கள் முறைப்படி தண்ணீரைத் தெளியவைத்திருந்தார்கள். காஞ்சிபுரம் என்று நம் ஊர்ப் பெயரும் அதில் இருந்தது. ஆய்வகத்துக்கு ஒரே ஒரு தராசு உள்ள கல்லூரி நம்முடையது. அதுவும் முள் சரியாக நிற்காத தராசு. அந்த மேசையிலிருந்து கிளம்பிய ஒன்று, யாரும் வழியனுப்பாமல், அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் பிழையை எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏம்மா ஒரு மாதிரி கீற? சைபருக்கா? உட்ருமா. தண்ணி தெளிஞ்சத நீயும் நானும் பாத்தோம் இல்ல? கேன் உன்கிட்ட இருக்கட்டும், திங்கக்கெழம எடுத்துக்கறேன்."

எல்லாவற்றையும் அச்செடுத்துத் திங்கட்கிழமை உங்கள் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது எந்தப் பெண்ணின் பெயரைத் தேடும் முன்பும், "கல்யாணத்துக்கு முன்னாடி என்ன இனிஷியல்?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள். அந்த அச்சுத் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலை நெஞ்சுவலியில் நீங்கள் இறந்துபோனீர்கள். நம் கல்லூரியில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை உங்களுடையது. திருத்திய பட்டியலை நான் கொடுத்தது உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள்.