தலா வருமானம்

அக்கராயன்

பிள்ளையின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை புது வேலைக்குக் கையெழுத்து வைத்தால், ஊருக்கு வராமலே கட்டாரிலிருந்து குவைத்துக்குப் போய்விடுவீர்கள். இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு நேற்று நெடுநேரம் கதைத்தீர்கள். எங்கே எரிவாயு, எங்கே எண்ணெய், எங்கே தலா வருமானம் கூட என்று. வீட்டுக்கு எப்போது என்று நான் கேட்கவில்லை.

தலா வருமானம் என்றால் என்னவென்று, உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் சுதாஜினியிடம் கேட்டேன்.

“நாட்டின்ரை வருமானத்தை அங்கை இருக்கிற தலையளாலை பிரிக்கிறது, அம்மா. பிரிக்கேக்கை அப்பான்ரை தலையையும் எண்ணுவினம். பங்கு மட்டும் வராது.”

“அப்ப கொப்பர் கணக்கிலை பணக்காரன்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இரவில் நானும் சோற்றை மூன்று கோப்பையில் போட்டுவிட்டு, ஒன்றைத் திரும்பப் பானையில் கொட்டுகிறேன்.

வெள்ளிக்கு முதல் சொல்லுங்கோ. எத்தனை பேருக்கு அரிசி போடுவதென்று தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி