கடைசி வரிசையில் ஓர் அரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு அரிக்கிறது என்று காலையில் குடும்பக் குரூப்பில் போட்டாயே, அதுதான் இந்த வருடத்திலேயே எனக்கு வந்த பெரிய நல்ல செய்தி! திட்டாதே, முழுசாகப் படி. போனில் சொன்னால் "வாலு, மூச்சு விட்டுப் பேசு" என்று பாதியில் கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் மெயிலில் கடிதம்.

பஸ் சீட்டால் வந்த அரிப்பு என்று எழுதியிருந்தாய். அம்மா உடனே பவுடர் போடச் சொன்னாள். போடாதே! அரிப்பது இடது பக்கம், மச்சத்துக்குக் கீழேதானே? போன வாரம் தோல் டாக்டர் உன் முதுகில் ஒட்டிய பட்டைகளில் கடைசி வரிசை அங்கேதான் இருந்தது.

அவருடைய வீடியோ ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, அவருடைய அலர்ஜி ஆராய்ச்சியில் சேரச் சொல்லி உன்னை எப்படி நச்சரித்தேன்! ஹேர் டை, ஷாம்பு, கிளவுஸ் என்று உன் பார்லரில் கையில் படுகிற எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தார்கள். மாமா தினமும் உன் வெடித்த விரல்களில் தடவிவிடுகிற ஆயின்மென்ட்டையும் கேட்டார்கள். "புண்ண ஆத்துற மருந்தே புண்ணு பண்ணுமா?" என்று நீ சிரித்தாய். அதுதான் கடைசிப் பட்டை.

பட்டைகளை எடுத்த அன்றும், இரண்டாவது முறை பார்த்தபோதும் முதுகு பளிச்சென்று இருந்தது. உடனே "என் கைக்கே இந்தத் தொழில் பிடிக்கல" என்று சொல்லி, சித்தி ஊரில் ஆபீஸ் வேலை தேட பஸ் ஏறிவிட்டாய். மூன்றாவது முறையும் வந்து காட்டச் சொல்லியிருந்தார்களே, அதை அம்போவென்று விட்டுவிட்டாய்.

இன்று உன் மெசேஜைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடினேன். "சில பொருளுக்குத் தோல் லேட்டாத்தான் கோபப்படும், ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனா பார்க்காம நான் எதுவும் சொல்லமாட்டேன். நீயும் குதிக்காத" என்றார். வீடியோவில் பேசுகிற அதே குரலில், என்னைப் பார்த்து! வெளியே வந்துதான் குதித்தேன். அவர் பார்த்துச் சொல்கிறவரைக்கும் அந்த ஆயின்மென்ட்டைத் தொடாதே, வேறு மருந்து தருகிறாராம்.

மாமாவிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்லரைப் பக்கத்துக் கடை டெய்லருக்கு விட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்காகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்படியே உன் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானே பார்த்துப் பார்த்துத் தடவினேனே... ஊருக்குப் போறப்பகூட பையில ரெண்டு டியூப் வச்சு அனுப்பினேனே" என்றார். பிறகு எழுந்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். நான் கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. நானா என்று கேட்காதே, நம்பு.

டாக்டர் பார்த்து 'ஆமாம், தொழில் இல்லை, ஆயின்மென்ட்தான்' என்று சொல்லிவிட்டால், கையும் ஆறலாம், நாற்காலியும் உன்னுடையதாகவே இருக்கலாம். உன் கையால் வெட்டாமல் என் முடி காடு மாதிரி கிடக்கிறது. வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அக்கா, உன் கை பட்டுப்போல ஆகட்டும். இதைப் படித்ததும் சித்தியைக் கூப்பிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைப் படம் எடுத்து அனுப்பு. சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுது. மாமாவுக்கு மட்டும் தனியாக இன்னொரு வரி, அவர்மேல் உனக்குக் கோபம் இல்லை என்று. அதை முதலில் அனுப்பு.

உன்
வாலு