சிங்கத்தின் பாதம்

1989 பெப்ரவரி, ஞாயிறு.

அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு மாதமாகவில்லை. லண்டனைக் காட்டுவோம் என்று இன்று மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். பழங்காலத் துருக்கியில் வாழ்ந்த ஹிட்டைட் மக்கள் செதுக்கிய கற்பலகைகளுக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். ஒன்றில் இறக்கை முளைத்த சிங்கம். அதற்கு மனித முகம்.

நான் விளக்கப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினேன். அண்ணை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தடுப்புக் கயிற்றைத் தாண்டிப்போய், சிங்கத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். காவலாளி சத்தம் போட்டபடி ஓடிவந்தான். எல்லாரும் பார்த்தார்கள். "இவர் உங்களோடு வந்தவரா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவன் அண்ணையை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வெறும் காலுறையோடு நடந்தார். நான் யாரோபோலப் பின்னால் போனேன்.

ஆர்ச்வேயில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நான்தான் வாய் திறந்தேன்.

"அது எங்கட சாமியில்லை அண்ணை."

"தெரியும். ஆரோ கும்பிட்ட கல்லுத்தானே. சும்மா பாத்திட்டு வர மனம் வரேல்லை."

இறங்கும்போது சொன்னார்: "அவன் உன்னட்டைக் கேட்டது எனக்கு விளங்கினது தம்பி. அந்தளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். நித்திரையோ தெரியாது.

நாளைக் காலை அவருடைய அகதி வழக்குக்காக வக்கீலிடம் போகவேண்டும். இவர் என் கூடப்பிறந்தவர் என்று நான்தான் சாட்சி சொல்லவேண்டும்.