கையால் பணம் கட்டுகிறவர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். என் இ-சேவைக் கடையில் மூன்று முறை கரன்ட் போனது. ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கி அரை மணி நேரம் வீண். சாதிச் சான்றிதழ் நான்கு, பான் கார்டு இரண்டு.

மத்தியானம் இவர் சாப்பிட வந்து, போனை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரையில் ஒரு பெயர்: தனலட்சுமி. பணம் அனுப்பியாச்சு என்ற குறி. மேலே தள்ளிப் பார்த்தேன். தனலட்சுமி. தனலட்சுமி. தனலட்சுமி. மூன்று நாளைக்கு ஒரு முறை.

"யாருங்க தனலட்சுமி?"

"செவிலிமேட்டுல சார்ஜ் போடுற எடத்துல இருக்காங்கமா. தனம்னு சொல்லுவாங்க."

தனம்னு சொல்லுவாங்களாம். ரசம் ஊற்றினேன்.

ஜூன் 4, புதன்

நினைக்க வேண்டாமென்றுதான் இருந்தேன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தை மாதம் கார் வாங்கினோம். பெட்ரோல் வண்டியை விற்று, கடன் போட்டு, எலக்ட்ரிக். சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள், எல்லாம் இவர் வண்டியில்தான். எங்கள் சந்துக்குள் கார் வராது, வீடும் மாடியில். அதனால் வெளியில்தான் சார்ஜ். வாங்கிய அன்றே நானே அவர் போனில் ஆப் ஏற்றி, ஐந்நூறு ரூபாயும் போட்டுக் கொடுத்தேன். சார்ஜர் துப்பாக்கியைக் காரில் சொருகி பட்டனை அழுத்தினால் போதும், பணம் தானாகப் போய்விடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்நூறு இன்னும் அப்படியே கிடக்கிறது. பார்த்துவிட்டேன்.

அப்படியானால் ஒரு முகத்தைப் பார்க்கத்தானே ஆப்பை விட்டு அவள் பெயருக்குக் கையால் கட்டுகிறார்?

போன மாதத்தில் அவர் சொன்னவை, ஞாபகம் வந்த வரை:
- "தனம் சொன்னாங்க, பின் டயர்ல காத்து கம்மியாம்."
- "அவங்க மோர்ல இஞ்சி தட்டிப் போடுறாங்க. நல்லா இருக்குது."
- "அவங்களே பாலிடெக்னிக் பாதில விட்டவங்களாம்."

என் மோரில் என்ன குறை? பதினான்கு வருடமாகக் குடிக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

மூன்று மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் செவிலிமேடு போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. போனேன்.

ரோட்டோரம் தகரக் கூரை, இரண்டு சார்ஜர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அவளுடைய சொந்த இடம். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். உயரம். முன்தலையில் நரை, சாயம் பூசவில்லை. அழகி என்று சொல்ல முடியாது. அது ஆறுதலாக இல்லை.

எதிரில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றேன். கார்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைப் பெண் ஒருத்தி: "எனக்குக் கார்டுதான். தொட்டா முடிஞ்சிது."

கண்ணாடி போட்ட பையன்: "ஆப்ல கட்டினா ஆஃபர் வருது ஆன்ட்டி."

பெரியவர் ஒருத்தர்: "இன்னா ஆஃபரு? ஊருக்கு ஒரு ஆப்பு, ஒவ்வொண்ணுலயும் முன்னாடியே துட்டு போடணும். பாதில நின்னா எவன்பா திருப்பித் தருவான்? மொதல்ல கரன்ட் ஏறட்டும், அப்பறம் துட்டு."

ஆப் வேண்டாம் என்பவர்களுக்கு அவளே தன் போனில் சார்ஜரை ஓடவிடுகிறாள். முடிந்ததும் அவள் நம்பருக்குப் பணம்.

திடீரென்று ரோட்டைக் கடந்து என்னிடமே வந்தாள். "இன்னாமா, வெயில்லயே நின்னுக்கினு இருக்கீங்க? பஸ் லேட்டாவும். இந்தாங்க." மோர். இஞ்சி போட்டது. குடித்தேன். நன்றாகவே இருந்தது, பாவி.

அவள் திரும்பிப் போனதும் இவர் வண்டி வந்தது. பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தேன். இறங்கினார். போனை அவள் கையில் கொடுத்தார். அவராகவே! நான் எடுத்தால் "இன்னா வேணும்?" என்பவர். அவள் எதையோ காட்ட, இவர் அழுத்த, தப்பாகியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அந்தப் பல்லை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

கேட்டுவிட்டேன். இட்லித் தட்டு கையில் இருந்தது, அதைக்கூட வைக்கவில்லை.

"ஆப் இருக்கும்போது எதுக்கு அவகிட்ட போய்க் கட்டறீங்க?"

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு, "எனக்கு அது தெரியலமா."

"எது?"

"அந்த ஆப்பு. மொதல் வாரமே சார்ஜ் ஏறறதுக்கு முன்னாடியே நின்னுட்சி. இங்கிலீஷ்ல இன்னாமோ கேக்குது. பின்னால வண்டிங்க ஆரன் அடிக்கிறானுங்க, உள்ள கஸ்டமர் குந்திக்கினு இருக்காங்க. தனத்தைக் கூப்ட்டுட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே? ஊருக்கே நான்தானே செஞ்சு குடுக்கறேன்?"

"கேட்டேனே. கடைக்கு வந்து கேட்டேன். 'இதுகூடத் தெரியாதா உங்களுக்கு'ன்ன. ரெண்டு பேரு நின்னுக்கினு இருந்தாங்க."

எனக்கு ஞாபகமே இல்லை.

"அவங்க பத்து வாட்டி கேட்டாலும் சொல்றாங்க மாலா. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவள் முடியைப் பிடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? தெரியாது என்று அவளிடம் சொல்ல முடிந்திருக்கிறது. என்னிடம் முடியவில்லை. முன்னைவிட இப்போதுதான் அதிகம் எரிகிறது.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

சாயங்காலம் "உக்காருங்க, ஆப் சொல்லித் தரேன்" என்றேன். பரீட்சைக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார். கட்டைவிரல் வியர்த்துத் திரையில் வழுக்கியது. ஒரு முறை சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை போனைப் பிடுங்கி நானே செய்துவிட்டேன்.

"வுடுமா. அங்கயே குடுத்துக்கறேன்."

வேறு யாராவது இப்படிப் பிடுங்கியிருந்தால் நானே அவர்களைத் திட்டியிருப்பேன்.

ஜூன் 11, புதன்

நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். கடைக்கு லீவு.

தனம் என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரம்மாவா? அன்னிக்கி பஸ்ஸுக்கு நின்னாங்களே!"

இவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வண்டி நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கி நீங்களே போடுங்கண்ணே. நான் தொட மாட்டேன்" என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

இவர் துப்பாக்கியைச் சொருகினார். போனை எடுத்தார். தப்பு. மறுபடி தப்பு. எனக்குக் கை பரபரவென்று வந்தது. புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் பேசாமல் நின்றாள். எப்படித்தான் நிற்கிறாளோ! மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. ஐந்நூறிலிருந்து பணம் போக ஆரம்பித்தது.

தலை நிமிர்ந்து சிரித்தார். கடைவாய்ப் பல் தெரிய.

முதலில் அவளைப் பார்த்து. அப்புறம்தான் என்னைப் பார்த்து.