இரண்டு தரம் எரிந்த கரி

கல்லூரி விடுதி, திருச்சி
8-2-1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இருமல் தேவலையா?

போன மாதம் சட்டை மூட்டையோடு நீ கட்டிவிட்ட இஸ்திரிக் கரியை எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு எடுத்தேன். கரியைப் பொடித்துத் தகடாக அழுத்துவோம். இரண்டு தகடுகளை அமிலத்தில் நிறுத்தி மின்சாரம் ஏற்றுவோம். கம்பியைக் கழற்றிய பிறகு டார்ச் பல்பு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான் சோதனை. கடைக் கரியில் மினுக்கென்று அணைந்துவிடும். உன் கரியில், நான் நூறு எண்ணிய பிறகும் எரிந்தது.

அந்தக் கரியை என்ன செய்தாய்? ஒன்றுவிடாமல் எழுது. இது சரியாக வந்தால்தான் எனக்கு இங்கே மேல்படிப்புக்கு இடம்.

உன் தம்பி
வீரமலை


கொள்ளிடக்கரை, ஸ்ரீரங்கம்
12-2-1962

அன்புத் தம்பி வீரமலைக்கு அக்கா மயிலம்மாள் எழுதுவது.

காவேரிப் பாலம் தாண்டினால் வீடு. நீ கடிதம் போடுகிறாய். இருக்கட்டும்.

அதிசயம் ஒன்றுமில்லை. வெள்ளாவி அடுப்பில் எரியும் கொட்டாங்கச்சியை, துணி ஊறவைத்த உவர்மண் தண்ணீரை ஊற்றித்தான் அணைப்பேன். நம்ம தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை; நல்ல தண்ணீரை நெருப்பில் கொட்ட முடியுமா? அதைக் காயவைத்து இஸ்திரிப் பெட்டியில் மறுபடி எரிப்பேன். மீந்த கங்குகளை மூடி அணைப்பேன். உனக்கு வந்தது அந்த இரண்டு தரம் எரிந்த கரி.

உன் வாத்தியார் வீட்டுத் துணியும் நம்மிடம்தான் வருகிறது. ஓரத்தில் மூன்று புள்ளி இருந்தால் அவர் வேட்டி. உன் சட்டை இரண்டு துவைத்து வைத்திருக்கிறேன். நம்ம வீட்டுத் துணிக்குக் குறி கிடையாதே. ஆயிரம் துணிக்குள் கிடந்தாலும் கை தானாக எடுத்துவிடும்.

அக்கா


திருச்சி
20-2-1962

அக்கா,

பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார், கரி சுடுவதை நேரில் பார்க்க. கோபப்படாமல் படி. முதல் நாள் விடுதிப் பந்தியில் ஒருவன், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டான். அப்பாவுக்குத் துறையூரில் தானியக் கடை என்று சொல்லிவிட்டேன். அதையே அவரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்தால் இடம் போய்விடும். அவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் மூட்டை எடுப்பவள் நீ. கரியை உன்னிடம் விலைக்கு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறேன்; கரியை மட்டும் காட்டு. என்னை யாரென்று தெரியாது என்று சொல். இந்த ஒரு தடவை.

வீரமலை


ஸ்ரீரங்கம்
27-2-1962

வீரமலைக்கு,

வாத்தியார் வந்தார். "அட, நம்மாத்துக்கு வெளுக்கிற மயிலம்மாளா!" என்று சிரித்தார். எல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். உவர்மண்ணை முகர்ந்துகூடப் பார்த்தார். போகும்போது கேட்டார்: "அந்தப் பையன் உன் ஜாடையா இருக்கானே, உனக்கு என்ன வேணும்?"

"கரி வாங்க வர்றவருங்களா? பேரு தெரியாதுங்க" என்றேன். நம்பிவிட்டார். உன் இடம் பத்திரம்.

நான் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பாய். அப்பா தோள் தேய்ந்தது தானிய மூட்டையில் இல்லை, அழுக்கு மூட்டையில்.

உன் சட்டைகளைச் உன் விடுதிக்குப் போகிற வழியில் அப்துல் சலாம் கடையில் கொடுத்திருக்கிறேன். காலருக்குள் பார். ஊரார் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டை மையில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. இனி உன் துணி வந்தால் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மயிலம்மாள்